மெரியம்-வெப்ஸ்டர் அகராதிச் செயலி: 'கரீன்' (careen) என்ற ஆங்கில வினையை வைத்துப் பார்த்தது

இலவசச் செயலிதான். ஆனால் திருகோணமலையில் ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு, காசு கொடுத்து வாங்கிய ஓர் ஆங்கில-தமிழ் செயலியை விட இதுதான் கைகொடுக்கிறது. அந்தச் செயலியில் 'கரீன்' என்று தேடினால் 'சாய்' என்று வரும், அவ்வளவுதான். "அப்ப பஸ் கரீன் பண்ணினது என்றால் சாய்ந்துகொண்டு போனதா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி.

மெரியம்-வெப்ஸ்டரில் முதல் பொருளே கடற்கரையில்தான் தொடங்குகிறது: கப்பலையோ படகையோ கரையேற்றி, அடிப்பகுதியைத் துப்புரவாக்குவது, கலப்பற்று வைப்பது (பலகை இடுக்குகளை அடைப்பது), பழுதுபார்ப்பது. திருக்கடலூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வள்ளத்தை மணலில் ஒருபக்கமாகச் சரித்துப்போட்டுக் அடியில் ஒட்டிய கொட்டலசுச் சிப்பிகளைச் சுரண்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பாய்க்கப்பல் காலத்தில் பெரிய கப்பல்களுக்கும் இதே வைத்தியம்தான். வற்றுப்பெருக்கு அதிகமுள்ள கரைகளில் பெருக்கில் ஏற்றிவிட்டு, நீர் வற்றும்வரை காத்திருப்பார்கள். நம் ஊரில் அந்த வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இராது. அதனால் இங்கே பாய்மரத்தில் கயிறும் கப்பியும் கட்டி இழுத்தால்தான் கப்பல் சரியும். செயலி இவ்வளவு கதை சொல்லாது. ஆனால் சொல்லின் மூலத்தைக் காட்டுகிறது: ஏராவை, அதாவது கப்பலின் அடிமரத்தைக் குறிக்கும் லத்தீன் 'கரினா'. முதல் பொருளுக்கு அப்புறம் வருபவை சாய்வது, தள்ளாடுவது, கடைசியாகத் தறிகெட்டுப் பாய்வது. பஸ்ஸுக்கு உரியது இந்தக் கடைசிப் பொருள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த அகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது. முதலில் நிற்பது பழையது, அதிகம் புழங்குவது அல்ல. பிள்ளைகள் முதல் வரியோடு மூடிவிட்டுப் போனால் பஸ்ஸைக் கரையேற்றிவிடுவார்கள்.

இன்னொன்று, இது அமெரிக்க அகராதி. தறிகெட்டு ஓடுவதற்கு பிரித்தானியர் பெரும்பாலும் 'கரியர்' (career) என்பார்கள். தொழில் என்று நாம் அறிந்த அதே எழுத்துகள், இங்கே வினை. நம் பரீட்சைகளுக்கு அதையே எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். கரீனைக் கண்டால் சிவப்பு மையால் சுழிக்கிற பழைய ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதை எழுதினாலும் 'டௌன்', 'இன்டு' என்று எங்கே பாய்ந்தது என்பதும் பின்னால் வந்தால்தான் வசனம் நிற்கும்.

உச்சரிப்பை மனிதக் குரலில் கேட்கலாம், அதுவும் அமெரிக்கப் பாணிதான். தமிழ் விளக்கம் கிடையாது என்பதால் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கனம். உயர்தரத்துக்குத் தாராளமாகச் சொல்வேன்.