பேப்பரா, பிபிடியா, டேப்லெட்டா, மேனிமா? ஒரே பாடத்த நாலு விதமா வீடியோ எடுத்து பார்த்தேன்

போன செமஸ்டர் லீவுல ஜூனியர் பசங்க ரெண்டு பேரு வந்து, "அண்ணா, சீரிஸ் சர்க்யூட் மட்டும் ஒரு வீடியோவா போட்டுக் குடுங்கண்ணா, அரியர் எக்ஸாமுக்கு முன்னாடி பார்த்துக்கிறோம்"னு கேட்டானுங்க. ஒரு வீடியோன்னு ஆரம்பிச்சது நாலு வீடியோல போய் நின்னுச்சு, ஏன்னா ஒன்னு முடிச்சதும் அடுத்த முறைல எடுத்தா இன்னும் நல்லா வருமோன்னு ஒரு அரிப்பு. ஒரே பாடம் (ஒரே ஒயர்ல பல்புங்கள ஒன்னுக்கப்புறம் ஒன்னா கோக்குறதுதான் சீரிஸ் சர்க்யூட்), ஒரே ஆளு, ஒரே ஹாஸ்டல் ரூம், எடுத்த விதம் மட்டும்தான் வேற. அதனால எது எதுக்கு ஒத்து வரும்னு சொல்ல எனக்கு கொஞ்சம் உரிமை இருக்குன்னு நெனைக்கிறேன்.

முதல்ல பண்ணது எல்லாரும் பண்றதுதான், பிபிடி (பவர்பாயின்ட் ஸ்லைடு) போட்டு ஓபிஎஸ்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஸ்க்ரீன் ரெக்கார்ட். ஓபிஎஸ் இலவசம், வாட்டர்மார்க் எதுவும் வராது, பழைய லேப்டாப்லயும் ஓடும். ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது, அதுதான் இதோட ஒரே ப்ளஸ். திரும்ப போட்டு பார்த்தா எனக்கே கொட்டாவி வருது. ஸ்லைடுல இருக்குற வரிய அப்படியே வாயால படிச்சிருக்கேன். திரைல ஒரு வாக்கியம் ஓடும்போது அதையே குரல்லயும் சொன்னா, பார்க்கறவன் மூளை ரெண்டையும் ஒப்பிட்டுட்டு உட்கார்ந்திருக்குமே தவிர பாடம் ஏறாது, படமும் குரலும் மட்டும் இருந்தா நல்லதுன்னு ரிச்சர்ட் மேயர்ங்கிற உளவியல் பேராசிரியர் பல சோதனை பண்ணி எழுதி வெச்சிருக்காரு. நம்ம கிளாஸ்ல ஸ்லைட பார்த்து படிக்கிற வகுப்புல என்ன நடக்குதுன்னு நமக்கே தெரியும், அப்புறம் நாமளும் ஏன் அதையே பண்றோம்னு தெரியல.

அடுத்து பேப்பர். போன்ல கேமரா மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்குற மாதிரி ஒரு புக் அடுக்கு மேல வெச்சு, அது விழாம இருக்க மேல ஒரு தடியான புக்க பாரமா வெச்சேன், அவ்ளோதான் ஸ்டாண்டு. கீழ கோடு போடாத ஏ4 ஷீட், படுக்கை வாக்குல, ஒரு ஷீட்டுக்கு நாலஞ்சு வரிக்கு மேல எழுதக் கூடாது, ஏன்னா பார்க்கறவன் பஸ்ல நின்னுட்டு போன்ல பார்ப்பான். பால்பாயின்ட் பேனா வேண்டாம், ஸ்கெட்ச் பேனா. லைட் இடது பக்கம் இருக்கணும் (வலது கை ஆளுன்னா), இல்லன்னா எழுதுற இடத்துலயே கை நிழல் விழும்.

இதுல ரெண்டு தொல்லை. ஒன்னு, கை உள்ள வந்ததும் போன் போகஸ தேட ஆரம்பிச்சுடும், படம் மங்கும் தெளியும் மங்கும் தெளியும், திரைய அழுத்திப் பிடிச்சு போகஸ லாக் பண்ணிட்டா சரியாயிடும். இன்னொன்னு என்ன ரெண்டு நாள் அலைய விட்டுச்சு: வீடியோ முழுக்க கறுப்பு பட்டை மேல கீழ ஓடுது. போன்தான் போச்சுன்னு நெனைச்சேன். விஷயம் என்னன்னா நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால பழைய சோக் ட்யூப்லைட், மட்டமான எல்ஈடி பல்பு எல்லாம் நொடிக்கு 100 தடவ மினுக்குது, போன் தானா 60ல ஒரு பங்கு நொடின்னு ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்குற நேரம்) வெச்சுக்கிட்டா ரெண்டும் ஒத்து போகாது. கேமராவோட ப்ரோ மோட்ல போய் ஷட்டர 50ல ஒரு பங்கோ 100ல ஒரு பங்கோன்னு மாத்தினதும் பட்டை காணாம போச்சு. இல்லன்னா ஜன்னல் வெளிச்சத்துல காலைலயே எடுத்துடலாம், அதுதான் எல்லாத்தையும் விட நல்ல லைட்.

ரிசல்ட்? நாலுல இதுதான் எனக்குப் பிடிச்சது. கை எழுதுற வேகத்துக்கு மேல பேச முடியாது, அதனால தானா நிதானம் வந்துடுது. பிபிடில ஒரு க்ளிக்ல முழு சர்க்யூட்டும் வந்து நிக்கும், இங்க பேட்டரி வரைஞ்சு, ஒயர் இழுத்து, பல்பு போட்டுன்னு அது பார்க்கறவன் கண்ணு முன்னாடி உருவாகுது. 2014ல பிலிப் குவோங்கிற ஆய்வாளரும் கூட ரெண்டு பேரும் எட்எக்ஸ்ங்கிற ஆன்லைன் பாடத் தளத்துல 69 லட்சம் தடவ வீடியோ பார்க்கப்பட்ட பதிவ அலசினாங்க, கையால வரைஞ்சு சொல்ற வீடியோ ஸ்லைட விட அதிக நேரம் ஆள உட்கார வெச்சிருக்கு. அதே ஆய்வுலதான் வீடியோ எவ்ளோ நீளமா இருந்தாலும் ஜனங்க பார்க்கறது பெரும்பாலும் 6 நிமிஷத்த தாண்டலன்னும் வந்துச்சு. என் பிபிடி வீடியோ 19 நிமிஷம், கேட்காதீங்க.

மூணாவது டேப்லெட், அதாவது கம்ப்யூட்டர்ல சொருகி எழுதுற பேனா பேட். சீனியர் ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த ஸ்டைல ஊருக்கே காட்டினது இலவச ஆன்லைன் பாடம் போடுற கான் அகாடமி சல்மான் கான் (சினிமாக்காரர் இல்லீங்க), 2004ல தூரத்துல இருந்த சொந்தக்கார பொண்ணுக்கு கணக்கு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சு 2006ல யூட்யூப்ல போட்டவரு, மூஞ்சியே காட்டாம கறுப்புத் திரைல கலர் கலரா எழுதிட்டே பேசுவாரு. பார்க்க ஈஸியா இருக்கும். கை ஒரு இடத்துல, கண்ணு திரைல, என் எழுத்து முதல் வாரம் எல்கேஜி பையன் எழுத்து மாதிரி இருந்துச்சு, 'அ' போட்டா அது 'அ'ன்னு எனக்கே சந்தேகம். ரெண்டு வாரத்துல பழகிடும். பழகிட்டா பேப்பர விட சுத்தம்: தப்பு பண்ணா அழிக்கலாம், நிழல் இல்ல, பட்டை இல்ல, ராத்திரி ஒரு மணிக்கும் எடுக்கலாம். மாசத்துக்கு பத்து வீடியோ போடுற ஆளுன்னா வாங்குங்க, எக்ஸாமுக்கு எக்ஸாம் ஒன்னு ரெண்டுன்னா வேண்டாம்.

நாலாவது மேனிம், என் ஒன்பது நாள தின்ன சமாச்சாரம். கிராண்ட் சாண்டர்சன் 2015ல த்ரீப்ளூ ஒன்பிரவுன்ங்கிற கணக்கு யூட்யூப் சேனல ஆரம்பிச்சப்போ, அனிமேஷன் பண்ண தனக்காக எழுதின பைதான் கோடு அது, 2020ல இருந்து மத்தவங்க சேர்ந்து வளர்க்கிற கம்யூனிட்டி வெர்ஷனும் தனியா இருக்கு, இலவசம். தமிழ் எழுத்து அதுல வரும், சாதா டெக்ஸ்ட்ல ஒழுங்காவே வரும், ஆனா எழுதுற மாதிரி அனிமேஷன் குடுத்தா 'கொ'ங்கிறது கொம்பு தனியா, க தனியா, கால் தனியான்னு துண்டு துண்டா வந்து சேரும், சிரிப்புதான். சமன்பாடு எழுதுற கட்டளைக்குள்ள தமிழ போட்டா எரர்.

ஆனா பெரிய கூத்து வேற. ஒயர்ல புள்ளிங்க ஓடுற மாதிரி பண்ணிருந்தேன், கரண்ட் காட்ட. பார்த்த ஜூனியர் சொல்றான், "ஆமாண்ணா, பல்பு கிட்ட வரும்போது கரண்ட் ஸ்லோவாகுது பாருங்க, அதான் ரெண்டாவது பல்பு மங்கலா எரியும்." எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. மேனிம்ல பெரும்பாலான அசைவு தானாவே மெதுவா ஆரம்பிச்சு மெதுவா முடியும், நாம சொன்னாதான் ஒரே சீரான வேகத்துல போகும், நான் சொல்லல, என் புள்ளிங்க பல்பு கிட்ட வந்து தயங்கித் தயங்கி நிக்குது. சீரிஸ்ல ரெண்டு பல்புலயும் ஒரே கரண்ட்தான்னு சொல்ல எடுத்த வீடியோ, முதல் பல்பு கரண்ட தின்னுடும்ங்கிற பழைய தப்புக்கு ஒன்பது நாள் உழைச்சு ஆதாரம் பண்ணிக் குடுத்திருக்கு. அழகா இருக்குற தப்ப யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, பேப்பர்ல கிறுக்கியிருந்தா "என்னண்ணா இது"ன்னு கேட்டிருப்பான்.

அந்தப் பையன் மத்த மூணு வீடியோவையும் பார்த்தவன்தான், "சூப்பரா புரிஞ்சுச்சுண்ணா"ன்னு சொன்னவன்தான். வெரிடாசியம்ங்கிற அறிவியல் யூட்யூப் சேனல் நடத்துற டெரெக் முல்லர் 2008ல சிட்னில முடிச்ச பிஹெச்டியே இதப் பத்திதான்: தெளிவா விளக்குற வீடியோவ பார்த்த மாணவங்க நல்லா புரிஞ்சுதுன்னு சொன்னாங்க, மார்க் பெருசா ஏறல, தப்பான எண்ணத்த முதல்ல வெளிய இழுத்துப் போட்டு பேசின வீடியோ குழப்பமா இருந்துச்சுன்னாங்க, மார்க் ஏறுச்சு. பேப்பர்ல மறுபடியும் எடுத்தேன். ஒரே மாதிரி ரெண்டு பல்பு வரைஞ்சுட்டு எடுத்ததும் "எது பிரகாசமா எரியும், பாஸ் பண்ணிட்டு சொல்லு"ன்னு கேட்டேன், அப்புறம் அவன் சொன்ன தப்பையே எழுதி, அது ஏன் சரின்னு தோணுதுன்னு பேசி, அதுக்கு அப்புறம்தான் பதில். 5 நிமிஷம் 40 செகண்ட். எடிட்டிங்கே இல்ல.

அப்போ மேனிம் வேஸ்ட்டான்னா இல்ல. ஃபூரியே சீரிஸ்ல ஒவ்வொரு அலையா சேர்ந்து சதுர அலையாகுறது, ஏசில கரண்டும் வோல்டேஜும் முன்ன பின்ன ஓடுறது, இதெல்லாம் பேப்பர்ல கையால காட்டவே முடியாது. மாறிக்கிட்டே இருக்குற விஷயத்துக்கு மட்டும் 20 செகண்ட் மேனிம், மத்ததெல்லாம் பேப்பர், இதுதான் இப்ப என் கணக்கு. மூஞ்ச காட்டிப் பேசுறத நான் பண்ணல, பத்து டேக் ஆகும், எனக்கு அந்தப் பொறுமை இல்ல.

நாலுக்கும் பொதுவா ஒன்னு, ஆடியோ. படம் சுமாரா இருந்தாலும் பார்ப்பாங்க, இரைச்சல் இருந்தா பத்து செகண்ட்ல ஓடிடுவாங்க. சார்ஜர் கூட வந்த இயர்போன் மைக்க சட்டைல குத்திக்கிட்டாலே போதும், ஆனா ஃபேன ஆஃப் பண்ணணும், மே மாசத்துல அதுக்கு ஒரு தைரியம் வேணும். அந்தக் கடைசி வீடியோல மூணாவது நிமிஷத்துல வெளிய உப்பு வண்டிக்காரர் குரல் கேட்கும். வேர்த்து ஊத்திட்டு இருந்துச்சு, மறுபடி எடுக்கல. ஜூனியருங்க இப்ப என்ன பார்த்தாலே "உப்பேய்"ங்கிறானுங்க, ஆனா எது பிரகாசமா எரியும்னு கேட்டா ரெண்டும் ஒரே மாதிரின்னு சொல்றானுங்க.