பல்சர் இன்ஜின், மாருதி கியர்பாக்ஸ்: இலவம்பாடி நிலத்தில் இரண்டு வருஷம்

புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்தரிதான் எங்கள் நிலத்திலும். வேலூர் மாவட்டம், அணைக்கட்டு ஒன்றியம், இலவம்பாடி பக்கம். காய் மூட்டையை மேட்டு நிலத்திலிருந்து களத்துக்கு இறக்க, இரும்புக் குழாயில் 380 கிலோ எடையில் ஒரு சின்ன கார் கட்டினோம். பழைய பல்சர் 220 இன்ஜின். முதலில் அதன் செயினை நேராகப் பின் ஆக்சிலுக்கே கொடுத்தோம். ரிவர்ஸ் கிடையாது; வரப்பு ஓரம் மாட்டினால் இறங்கித் தள்ளணும். மேட்டில் கிளட்ச்சைப் பாதி பிடித்தே ஏற்றியதில், நாலே மாதத்தில் கிளட்ச் பிளேட் கருகிப்போனது.

அப்புறம்தான் பழைய இரும்புக் கடையிலிருந்து மாருதி 800 கியர்பாக்ஸ் வாங்கினேன். டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது), ரிவர்ஸ் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கிறது. பைக்கின் கியரை நாலாவதில் போட்டு லீவரைக் கழற்றிவிட்டோம். பைக் கிளட்ச் அப்படியே வேலை செய்யும், கியர் மாற்றுவது மட்டும் மாருதியில். மாருதி கிளட்ச் பிளேட்டில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்மேல் உட்காரும் நடுக்குடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதில் செயினுக்கான பல்சக்கரத்தை வெல்டிங் வைத்தோம். ஷாஃப்ட் முனை தொங்கக் கூடாது என்று தனித் தகடும் பேரிங்கும்.

பல்சக்கரக் கணக்கில்தான் தப்பு செய்தேன். பைக் பழக்கத்தில் முன்னால் 14 பல், பின்னால் 28 பல். டாப் கியரிலேயே 20 கிலோமீட்டர் தாண்டவில்லை. பைக் இன்ஜினில் கிராங்கின் (பிஸ்டன் சுற்றுகிற முதல் ஷாஃப்ட்டின்) சுற்று கிளட்ச்சுக்கு வருவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். மாருதி கியர்பாக்ஸோ கிராங்கின் முழுச் சுற்றையும் வாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. நடுவில் இன்னொரு முறை குறைத்தால் வண்டி எங்கே ஓடும்? இரண்டு பக்கமும் 17 பல் போட்டேன். இப்போது டாப்பில் 40 தொடுகிறது, ஆறு மூட்டையோடு மேடும் ஏறுகிறது.

இரண்டு தடவை செயின் அறுந்தது. காட்பாடியில் லேத் போடும் தம்பி பார்த்தவுடனே சொன்னான்: "இன்னாண்ணா, இன்ஜின் ரப்பர்மேல ஆடுது, கியர்பாக்ஸ் ஆடல. செயின் இன்னா பண்ணும்?" இரண்டையும் ஒரே சட்டத்தில் இறுக்கி, அந்தச் சட்டத்துக்கு அடியில் ரப்பர் வைத்தோம். அதற்கப்புறம் 14 மாதமாகச் செயினுக்கு எண்ணெய் மட்டும்தான்.

அக்னி நட்சத்திரத்தில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இன்ஜினுக்குக் காற்றே போகாது. ஆயில் கூலருக்கு எதிரே கார் ஃபேன் வைத்தேன். பைக் பேட்டரி அதற்குத் தாங்காது, தனி பேட்டரி வைத்து ராத்திரியில் சார்ஜ் போடுகிறேன். இன்ஜினில் பைக் ஆயிலே ஊற்றுங்கள். பைக் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் நனைந்தே சுற்றும்; சில கார் ஆயிலில் இந்த ஈரக் கிளட்ச் வழுக்கும். மாருதிக்குத் தனி கியர் ஆயில், இன்ஜின் சூடு அதைத் தொடுவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே தனி கியர்பாக்ஸ் எனக்குப் பிடிக்கிறது.

குறை ஒன்று மிச்சம். காலையில் ஆயில் கெட்டியாக இருக்கையில் கிளட்ச் முழுசாக விடாது, செயினும் சேர்ந்து சுற்றுவதால் ரிவர்ஸ் கரகரக்கும். கிளட்ச்சை மிதித்து மூன்று எண்ணிவிட்டு, அப்புறம்தான் போடுகிறேன்.

ரோட்டில் மட்டும் ஏற்றுவதில்லை. பதிவில்லாத வண்டி, எங்கள் வரப்புக்குள்தான் ஓடுகிறது.