தாழ்ந்த பானட்டுக்கு ஏற்ற இன்டேக் மேனிஃபோல்டு: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

பழைய வி8 இன்ஜினைப் பிரித்துக் கட்டுகிறவர்களில் பலர், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரிலிருந்து அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் குதிரைத்திறன் அட்டவணையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் பானட்டின் அடிப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். மேலே எவ்வளவு இடம் இருக்கிறது, அதில் ஏர் கிளீனருக்கு எவ்வளவு, கார்புரேட்டருக்கு எவ்வளவு என்று கழித்துக்கொண்டே கீழே வந்தால், மேனிஃபோல்டு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். அந்த உயரத்துக்குள் கிடைப்பவற்றில் நல்லது எது என்று அதன்பிறகு பார்த்தால் போதும்.

என் கார் 1972ஆம் ஆண்டு ஷெவர்லே கொர்வெட். 350 கன அங்குல ஸ்மால் பிளாக் இன்ஜின், 8.5:1 அழுத்த விகிதம், குவாட்ராஜெட் கார்புரேட்டர், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. தொழிற்சாலைக் கணக்கில் 200 குதிரைத்திறன். இன்ஜினைக் கட்டியபோது வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மிதமான வகையில் போட்டேன். சிலிண்டர் ஹெட் பழையதுதான், வால்வு இருக்கைகளை மட்டும் புதிதாகக் கடைந்து வாங்கினேன். கார் சாலையில் ஓடுவதற்கானது, பந்தயத்துக்கு அல்ல. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடுத்துவிட்டு, எடெல்ப்ராக் பெர்ஃபார்மர் வகையிலான தாழ்வான அலுமினிய இரட்டைத்தள மேனிஃபோல்டைப் (உள்ளே கலவைப் பாதை இரண்டு தனி அறைகளாகப் பிரிந்தது) பொருத்தினேன். பல ஆண்டுகளாக அதே மேனிஃபோல்டுடன்தான் ஓட்டுகிறேன். கோடை, மழை, நெரிசல், நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் என்று எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது.

கொர்வெட்டின் பானட் இந்தத் தலைமுறையில் மிகத் தாழ்வானது. உயரமான இன்டேக் வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொழிற்சாலையே காட்டியிருக்கிறது. 1970 முதல் 1972 வரை வந்த எல்டி-1 இன்ஜினுக்கு உயரமான அலுமினிய மேனிஃபோல்டும் ஹாலி கார்புரேட்டரும் கொடுத்தார்கள். கூடவே நடுவில் மேடு எழும்பிய பானட்டையும் கொடுத்தார்கள். என் காரின் பானட்டில் அந்த மேடு இல்லை. அதை வெட்டித் திறப்பு வைக்கும் எண்ணமும் எனக்குக் கிடையாது. ஃபைபர்கிளாஸ் பானட்டைத் தகரம்போல் தட்டி நிமிர்த்த முடியாது, உரசினால் விரிசல் விடும். அந்த வடிவத்துக்காகத்தான் இந்தக் காரை வைத்திருக்கிறேன். குதிரைத்திறனுக்காக அதைக் குலைப்பது எனக்கு ஒப்பாது.

மேனிஃபோல்டின் உயரம் என்று சொன்னால் அதில் இரண்டு அளவு உண்டு. இன்ஜின் காரில் பின்பக்கம் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். கார்புரேட்டர் தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும் என்பதால், அது அமரும் தளம் முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் வார்க்கப்பட்டிருக்கும். விவரத் தாளில் இரு உயரமும் தனித்தனியாக இருக்கும். முன் உயரத்தை மட்டும் பார்த்து வாங்கினால் பின்பக்கத்தில் இடிக்கலாம். இரண்டையும் உங்கள் பழைய மேனிஃபோல்டில் அளந்து, புதியதன் அளவோடு ஒப்பிடுங்கள். பெர்ஃபார்மர் வகை, பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் உயரத்தை ஒட்டியே வரும். பெர்ஃபார்மர் ஆர்பிஎம் வகை அதைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரம். என் பானட்டுக்கு அந்த ஓர் அங்குலமே அதிகம்.

அளப்பதற்குக் களிமண் போதும். ஏர் கிளீனர் மூடியின் மேல், நடுத்திருகின் மீதும் விளிம்பு நெடுகவும் களிமண் உருண்டைகளைக் கூம்பாக நிறுத்தி, பானட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய உயரத்தை அளக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் காரில் கிடைக்கும் அந்த இடைவெளியை முழுவதும் செலவழித்துவிடக் கூடாது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் தன் ரப்பர் மவுன்ட்டுகளின் மேல் ஒரு பக்கமாக எழும்பும். மவுன்ட் தேய்ந்திருந்தால் இன்னும் அதிகமாக எழும்பும். 1960களின் பிற்பகுதியில் வந்த ஷெவர்லே கார்களில் மவுன்ட் கிழிந்து இன்ஜின் தூக்கிக்கொண்டதால், 1971இல் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆகவே மவுன்ட்டுகளை முதலில் மாற்றுங்கள், பிறகு அளவெடுங்கள். ஓர் அங்குல இடைவெளி மிஞ்சினால் நிம்மதி. முக்கால் அங்குலத்துக்குக் கீழே நான் போகமாட்டேன்.

தாழ்வான மேனிஃபோல்டால் இழப்பது என்ன? உயரம் இருந்தால் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, கார்புரேட்டரிலிருந்து ஹெட்டின் துளைக்குள் ஓரளவு நேராக இறங்கும். உயரம் குறைந்தால் குழாய் படுத்துக்கொண்டு போய்க் கடைசியில் திரும்ப வேண்டும். சுழற்சி வேகம் கூடக்கூட அந்தத் திருப்பம் தடையாகிறது. அதனால்தான் பெர்ஃபார்மர் வகை ஐட்லிங் முதல் நிமிடத்துக்கு 5,500 சுற்று வரையிலும், ஆர்பிஎம் வகை 1,500 முதல் 6,500 வரையிலும், எல்லாச் சிலிண்டர்களும் ஒரே அறையிலிருந்து இழுக்கும் விக்டர் ஜூனியர் என்னும் ஒற்றைத்தள வகை 3,500க்கு மேலும் குறிக்கப்படுகின்றன. என் காரில் 5,000க்கு மேல் இழுவை தளர்வது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் என் கேம் ஷாஃப்டும் பழைய ஹெட்டும் அதற்கு மேல் கொடுப்பதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை. மேனிஃபோல்டு தளரும் இடமும் இன்ஜின் தளரும் இடமும் ஒன்றாக இருக்கும்போது, அதை இழப்பாக நான் எண்ணவில்லை.

கீழ் வேகத்தில்தான் இதன் அருமை தெரியும். இந்த இன்ஜினின் எரியூட்டு வரிசை 1-8-4-3-6-5-7-2. இரட்டைத்தள மேனிஃபோல்டில் 1, 4, 6, 7 ஒரு தளத்திலிருந்தும் 8, 3, 5, 2 மற்றொரு தளத்திலிருந்தும் மூச்சிழுக்கின்றன. வரிசையை இன்னொரு முறை பாருங்கள்: ஒன்றுவிட்டு ஒன்றாகத் தளம் மாறிக்கொண்டே வரும். அடுத்தடுத்து இழுக்கும் இரண்டு சிலிண்டர்கள் ஒரே தளத்தில் மோதிக்கொள்வதில்லை. ஒவ்வொரு தளத்திலும் 180 பாகைக்கு ஒரு முறை சீரான இழுப்பு வருவதால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சல் வலுவாக இருக்கிறது. நான்காம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தயக்கம் இல்லாமல் இழுக்கிறது. நெரிசலில் ஐட்லிங் ஆடுவதில்லை. சாலையில் கார் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 1,500க்கும் 3,500க்கும் இடையில்தான் கழிக்கிறது. அங்கே பழைய வார்ப்பிரும்பைவிட இது துடிப்பாக இருக்கிறது. காரின் முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோ எடை இறங்கியதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கொர்வெட்காரர்கள் கட்டாயம் எண்ணிப்பார்க்க வேண்டிய இன்னொன்று வாக்குவம், அதாவது இன்ஜின் மூச்சிழுக்கும்போது மேனிஃபோல்டுக்குள் உண்டாகும் உறிஞ்சல். இந்தக் காரின் மூடித்திறக்கும் முகப்பு விளக்குகளும் வைப்பர் மறைப்புக் கதவும் இன்ஜின் வாக்குவத்தில்தான் இயங்குகின்றன. பிரேக் பூஸ்டர் இருந்தால் அதுவும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒற்றைத்தள மேனிஃபோல்டும் பெரிய கேம் ஷாஃப்டும் சேர்ந்தால் ஐட்லிங்கில் வாக்குவம் விழுந்துவிடும். விளக்கு ஒரு கண் முன்னும் ஒரு கண் பின்னுமாகச் சோம்பலாக எழும். மேனிஃபோல்டு வாங்கும்போது வாக்குவக் குழாய் பொருத்தும் துளைகள் எங்கே இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். என் காரில் விளக்குகள் இரண்டும் இன்றும் சேர்ந்தே எழுகின்றன.

குவாட்ராஜெட்டை நான் மாற்றவில்லை. அதன் முன் துளைகள் சிறியவை, பின் துளைகள் மிகப் பெரியவை. நான்கு துளைகளும் சம அளவில் இருக்கும் கார்புரேட்டருக்கு என்றே வார்த்த மேனிஃபோல்டில் இதை வைக்க இடைத்தட்டு வேண்டும். இடைத்தட்டு உயரத்தைக் கூட்டும், அரும்பாடுபட்டு மிச்சம் பிடித்த இடத்தைத் தின்றுவிடும். உங்கள் கார்புரேட்டருக்கு நேரடியாகப் பொருந்தும் தளமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பெரிய கார்புரேட்டர் மீதான மோகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: 350 கன அங்குலத்தை 5,500ஆல் பெருக்கி 3,456ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 557 கன அடி. நூறு சதவீதம் நிரம்பும் இன்ஜினுக்கே இவ்வளவுதான் தேவை. சாலை இன்ஜின் அந்த அளவுக்கு நிரம்புவதில்லை.

இனி ஏர் கிளீனர். தாழ்வான மேனிஃபோல்டு பறித்ததைவிட, இடமில்லாமல் நசுங்கிய ஏர் கிளீனர் பறித்த சக்திதான் அதிகம் என்பது என் உறுதியான கருத்து. 14 அங்குல விட்டமும் 3 அங்குல உயரமும் உள்ள ஃபில்டரின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 132 சதுர அங்குலம். அதையே 2 அங்குல உயரத்துக்குக் குறைத்தால் 88. மூடி கார்புரேட்டரின் வாய்க்கு மிக அருகில் வந்துவிட்டால் காற்று திரும்பி இறங்க வழியில்லாமல் திணறும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் மூச்சுக்குழாய்களும் அடைபடும். மேனிஃபோல்டில் மிச்சம் பிடித்த உயரத்தை நான் இங்கேதான் செலவிட்டேன்: அடித்தட்டு கீழிறங்கிய ஏர் கிளீனரில் 3 அங்குல ஃபில்டர். அடித்தட்டு இறங்கும்போது பெட்ரோல் குழாயிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் இடிக்கிறதா என்று சுற்றிலும் விரல் விட்டுப் பார்க்க வேண்டும்.

உயரம் பழையதை ஒட்டியே இருந்ததால் ஆக்சிலரேட்டர் இணைப்பை வளைக்கவோ நீட்டவோ தேவைப்படவில்லை. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. செய்து பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

இத்தனை ஆண்டுகளில் எனக்கு உண்மையான தொல்லை கொடுத்தது வெப்பம் ஒன்றுதான். தாழ்வாக உட்காரும் கார்புரேட்டர் சூடான இன்ஜினை நெருங்கி உட்காருகிறது. போதாக்குறைக்கு, குளிரில் கலவை ஆவியாவதற்காகப் புகைக் காற்றை மேனிஃபோல்டின் அடிவழியே கடத்தும் பாதை வேறு இருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பின் இன்ஜினை நிறுத்தினால் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் சொட்டும்; கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் முரண்டு பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் மோசம். வெப்பத்தைத் தடுக்கும் ஓர் அங்குல இடைத்தட்டு வைத்தால் தீரும், ஆனால் அதற்கு என்னிடம் உயரம் ஏது? கேஸ்கெட்டுடன் மெல்லிய எஃகுத் தகடு வைத்து அந்தப் புகைப் பாதையை இருபுறமும் அடைத்தேன். கார்புரேட்டருக்கு அடியில் தடித்த காப்புக் கேஸ்கெட் வைத்தேன். தொல்லை பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் 1972ஆம் ஆண்டு குவாட்ராஜெட்டில், குளிரில் காற்றைக் குறைக்கும் மூடியான சோக்கின் சுருள் மேனிஃபோல்டில் உள்ள குழியில் உட்கார்ந்து அந்தப் புகைச் சூட்டில்தான் திறக்கிறது. பாதையை அடைத்தால் சோக் திறக்காது. மின்சார சோக்குக்கு மாற வேண்டும். நான் மாறினேன். காலையில் இன்ஜின் சூடேறச் சற்று அதிக நேரம் எடுக்கிறது. கடுங்குளிரில் ஓட்டுகிறவர்கள் பாதையை அடைக்காமல் இருப்பதே நல்லது.

பொருத்தும் வேலையில் மேனிஃபோல்டுக்கு அடியில் முன்னும் பின்னும் உள்ள ரப்பர் அல்லது கார்க் பட்டைகளை நான் நம்புவதில்லை. இறுக்கும்போது பிதுங்கி நழுவும். அவற்றுக்குப் பதில் கால் அங்குலத் தடிப்பில் சிலிக்கோன் இட்டேன். இதுவரை எண்ணெய்க் கசிவு இல்லை. ஹெட்டைக் கடைந்து மட்டமாக்கியிருந்தால் மேனிஃபோல்டு சற்று உயர்ந்து உட்காரும், போல்ட் துளைகள் நேர்படாது. ஆகவே சிலிக்கோன் இடும் முன் ஒருமுறை வெறுமனே வைத்துப் பார்ப்பது அவசியம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, 25 அடி-பவுண்டு வரை இறுக்கினேன். இன்ஜின் சூடேறி ஆறியபின் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்தேன். 1996 முதல் வந்த வோர்டெக் ஹெட் வைத்திருப்பவர்களுக்கு இந்த மேனிஃபோல்டே பொருந்தாது. அந்த ஹெட்டில் பன்னிரண்டுக்குப் பதில் எட்டு போல்ட்டுகள், இறுக்கும் அளவும் மிகக் குறைவு.

கேஸ்கெட்டின் அடிவிளிம்பு சரியாகப் படியாவிட்டால் வெளியே எந்தச் சீறலும் கேட்காது. உள்ளே இருந்து எண்ணெயை இழுத்து நீலப்புகையாக விடும். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைச் சோதிக்க வேண்டும். இன்ஜினின் அடிப்பகுதி ஆவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் பிசிவி குழாயையும் மூச்சுவிடும் துளைகளையும் அடைத்துவிட்டு, ஐட்லிங்கில் எண்ணெய் அளவுக்கம்பியின் குழாய் வாயில் விரலை வையுங்கள். உள்ளே இழுத்தால் கசிவு அங்கேதான்.

அலுமினியத்துக்குப் பராமரிப்பு கொஞ்சம் கூடுதல். கூலண்டைக் காலத்தில் மாற்றாவிட்டால் தெர்மோஸ்டாட் அமரும் வாய் அரிக்கத் தொடங்கும். அதன் போல்ட் மரைகளில் துருப்பிடித்து ஒட்டாமல் இருக்கும் பசை தடவி, அளவாக இறுக்க வேண்டும். வார்ப்பிரும்பில் காட்டிய முரட்டுத்தனத்தை இங்கே காட்டினால் மரை உரிந்துவிடும். பழைய மேனிஃபோல்டு வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காமல் அந்த வாயையும், நீர்த்துளைகளின் விளிம்பையும், மரைகளையும் பாருங்கள். ஹெட்டில் படியும் முகத்தின் மேல் நேரான எஃகு அளவுகோலை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.