தம்பிக்கு 18 முடிந்த பிறகு: 12 வருட அனுபவம்

தம்பிக்கு இப்போது 30 வயது. அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 75 சதவீதம். அப்பச்சி (எங்கள் அப்பா) காலமாகிவிட்டார். காரைக்குடி வீட்டில் ஆத்தாவும் (அம்மா) நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். அரசு உதவிகளில் எது கைகொடுத்தது, எது அலையவிட்டது என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வாங்க வேண்டியது சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று. நாங்கள் அதைக் கடைசியில் வாங்கினோம், அதுதான் தப்பு. பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டால் பெற்ற தாயும் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. இது எங்களுக்கு ஒரு வங்கிக் கவுன்டரில்தான் தெரிந்தது. "கார்டியன் பேப்பர் எங்கம்மா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டுமோ என்று பயந்தோம். வேண்டாம். 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது, அங்கே மனு கொடுத்தால் போதும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குத்தான் இந்த வழி.

பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். கணக்கில் நேராக வந்துவிடுகிறது. வருடா வருடம் ஆள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும், அதில்தான் பாடு. தம்பி கொட்டான் (பனை ஓலைக் கூடை) பின்னுவான். ஓலை இழுத்து இழுத்து விரல் நுனி வழவழப்பாகிவிட்டது. ஒருமுறை கைரேகை மெஷினில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஏறவில்லை. அவனோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, "ஆச்சி, இன்னொரு தடவை" என்று (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்) என்னைப் பார்த்துச் சிரித்தபடி விரலை நீட்டிக்கொண்டே இருந்தான். கண்ணைப் படம் பிடிக்கும் கருவி வேறு இடத்தில் இருந்தது, அது மறுநாள் வேலையாகிவிட்டது.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு நல்ல திட்டம். வருடத்துக்கு ஒரு லட்சம் வரை; முன்பே இருக்கும் நோய் என்று சொல்லித் தள்ள மாட்டார்கள், வெளிநோயாளிச் செலவும் உண்டு. ஆனால் நாம் கட்டிவிட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். மருந்துச் சீட்டு, பில் எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன். புதுப்பிக்க மட்டும் மறக்கக் கூடாது.

ரயில் சலுகை சொல்லி வைக்கிறேன்: தனியாகப் போக முடியாதவர்களுக்குப் பெரும்பாலான வகுப்புகளில் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கும் அதே அளவு. சென்னைக்குப் பல்லவன் ரயிலில் போய்வர நிறைய மிச்சம்.

கிடைக்காதது ஒன்று உண்டு: பகலில் போய் இருக்க ஓர் இடம். அவன் படித்த சிறப்புப் பள்ளி 18 வயதோடு சரி. அதன்பின் உதவித்தொகை வருகிறது, அட்டை வருகிறது, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை என்ன செய்வது என்பதற்கு எந்தப் படிவமும் இல்லை. இவ்வளவு பெரிய வீடு, வளவு (உள்முற்றம்) முழுக்கத் தூண்கள், நடுவில் அவனும் ஓலைக்கட்டும். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றில் நாலு பேரைச் சேர்த்து உட்கார வைத்தாலே போதும் என்று எனக்குத் தோன்றும்.

ஆத்தாவுக்கு 71 ஆகிறது. பாதுகாவலரை என் பெயருக்கு மாற்ற மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துக் கேட்டால், "நான் நல்லாத்தானே இருக்கேன், தையில பாத்துக்கலாம்" என்கிறார். போன தையிலும் இதைத்தான் சொன்னார்.