மெயிலின் தலையில் வரும் மஞ்சள் பட்டை: ஒரு அரிசி ஆலைக் கணக்கரின் மதிப்பீடு

மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். சாக்கு, உதிரிபாகம், லாரி வாடகை என்று முக்கால்வாசிப் பில் இப்போது மெயிலில்தான் வருகிறது. கூகுள் வொர்க்ஸ்பேஸ், அதாவது ஆபீஸ்களுக்கு கூகுள் காசுக்குத் தரும் ஜிமெயில், எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அதன் விலை, இட வசதி பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. சந்தேகமான மெயிலின் தலையில் ஜிமெயில் ஒட்டுகிறதே எச்சரிக்கைப் பட்டை, அதைப் பற்றி மட்டும்தான். பணம் என் மேசையிலிருந்துதான் போகிறது. அதனால் எனக்கு இந்த ஒரு வசதிதான் பெரிசு.

போன தை மாதம், சம்பா அறுவடை மும்முரம். முதலாளி பெயரில் ஆங்கிலத்தில் ஒரு மெயில்: மீட்டிங்கில் இருக்கிறேன், போன் செய்யாதே, இந்தக் கணக்குக்கு 1,85,000 ரூபாய் உடனே அனுப்பு. பெயர் சரி, அடியில் ஆலையின் பெயரும் சரி. மேலே மஞ்சள் பட்டை. அது வெறுமனே ‘கவனம்’ என்று சொல்லி நிறுத்தவில்லை. அனுப்பியவரின் பெயர் உங்கள் நிறுவனத்தில் உள்ள ஒருவரின் பெயரைப் போல இருக்கிறது, ஆனால் முகவரி நிறுவனத்துடையது இல்லை என்று காரணத்தையும் சொன்னது. பெயரைத் தட்டிப் பார்த்தேன். முதலாளி பெயரோடு நாலு எண்ணைச் சேர்த்து யாரோ திறந்த இலவச முகவரி. எழுந்து களத்துக்குப் போனேன். அவர் ஈரப்பதம் பார்க்கும் மெஷினும் கையுமாக ஒரு விவசாயியோடு பேசிக்கொண்டிருந்தார். “நான் எங்கம்மா மெயில் அனுப்பினேன்? உனக்கு என்னைக்கு இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன்?” என்றார்.

அன்றிலிருந்து நான் பட்டையின் நிறத்தோடு நிற்பதில்லை, அதில் உள்ள வாக்கியத்தைப் படிக்கிறேன். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பு வந்தால், உள்ளே திறந்து சோதிக்க முடியவில்லை என்று பட்டை சொல்லும். அதற்கு ‘இது வைரஸ்’ என்று அர்த்தமில்லை. ‘நான் பார்க்கவில்லை, நீ பார்த்துக்கொள்’ என்று அர்த்தம். அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் திறந்தால் போதும். சிவப்புப் பட்டைக்கு இவ்வளவு யோசனையே வேண்டாம். தொடாமல் ‘ஃபிஷிங்’, அதாவது ஏமாற்று மெயில், என்று புகார் செய்துவிடுகிறேன்.

அனுப்பியவரின் படம் இருக்க வேண்டிய வட்டத்தில் கேள்விக்குறி வருவதுதான் பலருக்குப் புரிவதில்லை. இந்த மெயில் உண்மையிலேயே அந்த முகவரியிலிருந்துதான் வந்ததா என்று ஜிமெயிலால் உறுதி செய்ய முடியவில்லை, அவ்வளவுதான். அதை உறுதி செய்ய அது பார்ப்பது இரண்டு. எஸ்பிஎஃப் என்பது, எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இன்னின்ன சர்வருக்குத்தான் அனுமதி என்று ஒரு நிறுவனம் வெளியிடும் பட்டியல். டிகேஐஎம் என்பது அனுப்பும் நிறுவனத்தின் சர்வர் மெயிலின் மேல் குத்தும் முத்திரை. இந்த இரண்டையும் சரியாக அமைக்காத சின்ன வியாபாரிகளின் நல்ல மெயிலுக்கும் கேள்விக்குறி விழும். எங்களுக்கு ரப்பர் ரோலர் தருபவருக்கு அப்படித்தான் விழுந்தது. போனில் சொன்னேன், சரி செய்துவிட்டார்.

பட்டை வராத இடம்தான் ஆபத்தான இடம். கும்பகோணத்திலிருந்து எங்களுக்குச் சாக்கு தருபவரின் பழைய மெயில் தொடரிலேயே ஒரு பதில் வந்தது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, 3,84,000 ரூபாயைப் புதுக் கணக்கில் போடுங்கள் என்று. மஞ்சளும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. எப்படி வரும்? அவருடைய கணக்கின் பாஸ்வேர்டைத் திருடி, அவருடைய முகவரியிலிருந்தே அனுப்பியிருக்கிறார்கள். பட்டியலும் முத்திரையும் அசலாகவே இருக்கும். எனக்கு உறுத்தியது ஐஎஃப்எஸ்சி, அதாவது வங்கிக் கிளையின் குறியீடு. அந்தப் பதினோரு இடத்தில் முதல் நாலு எழுத்து வங்கியைக் குறிக்கும். இத்தனை வருஷம் இல்லாத புது வங்கி. மெயிலில் இருந்த நம்பரை விட்டுவிட்டு, என் பழைய டைரியில் இருந்த நம்பருக்குப் போட்டேன். “அக்கா, நாங்க எதையும் மாத்தலையே!” என்று அவர் பதறிப்போனார்.

கணக்கு எண்ணை மாற்றச் சொல்லி மெயில் வந்தால் இப்போது எனக்கு இன்னொரு துணையும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி சொன்னபடி, 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக வங்கியிலிருந்து பணம் அனுப்பும் முன்பே அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். பணம் போயேவிட்டால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணைக் கால்குலேட்டரின் முதுகில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். அது ஜிமெயிலின் குறை அல்ல. எங்களுக்கு மெயில் அமைத்துக் கொடுத்தவர், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மெயிலிலும் பெரிய சிவப்பு எழுத்தில் ‘எச்சரிக்கை’ என்று தானாக விழும்படி செய்துவிட்டார். ஆடிட்டர் மெயிலிலும் அதே சிவப்பு, லாரி ஆபீஸ் மெயிலிலும் அதே சிவப்பு. பத்தே நாளில் ஆபீஸில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நிஜமான மஞ்சளையும் சேர்த்துத் தாண்டிப் போக ஆரம்பித்தோம். சண்டை போட்டுத்தான் எடுக்க வைத்தேன். ‘எக்ஸ்டர்னல்’ என்று ஜிமெயிலே போடும் சின்ன அடையாளம் எங்களுக்குத் தாராளம். உங்கள் ஆபீஸிலும் இப்படி இருந்தால் இன்றே சொல்லி மாற்றுங்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது போனுக்காக. சின்னத் திரையில் பெயர் மட்டும்தான் தெரிகிறது, முகவரியைத் தட்டித் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் எடைமேடைத் தம்பி போனில்தான் மெயில் பார்க்கிறான், ஆங்கிலமும் தகராறு. அவன் போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். போன வாரம் அங்கிருந்தே குரல் கொடுத்தான்: “அக்கா, மஞ்சள் வந்திருக்கு. என்ன போட்டிருக்குன்னு படிக்கிறேன், கேளுங்க.”