போடிமெட்டு ஏறி இறங்கும் காரில் ஆயில் கேட்ச் கேன்

வீடும் ஏலத் தோட்டமும் போடிமெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கத்துப் பூப்பாறையில். காய் விற்க, உரம் வாங்க, டாக்டரைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் போடிக்குத்தான் இறங்க வேண்டும். கார் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்ஷன். அதில் கேட்ச் கேன், அதாவது இன்ஜின் வாயுவோடு வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பா, மாட்டி இரண்டு மழைக்காலம் ஓட்டிவிட்டேன். மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்று விற்பவர்கள் சொல்வதை முதலிலேயே தள்ளிவிடுங்கள். எனக்கு இரண்டும் கூடவில்லை.

அப்புறம் எதற்கு அது? பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் கிராங்க்கேஸ் அறைக்குள் கசியும். இதைத்தான் ப்ளோ-பை என்கிறார்கள். அதில் எரியாத பெட்ரோல், நீராவி, அமிலம் எல்லாம் உண்டு. வெளியேற வழியில்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளிவிடும். பழைய கார்களில் ஒரு குழாய் வைத்து ரோட்டிலேயே விட்டுவிடுவார்கள். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் புகைப் பிரச்சினை முற்றிய பிறகுதான், அதைத் திரும்ப இன்ஜினுக்கே இழுத்து எரிக்கும் பிசிவி முறை பரவியது. காற்றுக்கு நல்லது. ஆனால் அந்த வாயுவோடு ஆயில் ஆவியும் சேர்ந்தே இன்டேக்குக்குள், அதாவது இன்ஜின் காற்றிழுக்கும் வழிக்குள், போகிறது.

போர்ட் இன்ஜெக்ஷன் எனும் சாதாரண பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டர் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோலைத் தெளிப்பதால் படிவது கழுவப்பட்டுவிடும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் வால்வைக் கழுவ ஆளில்லை. ஆயில் வறுபட்டுக் கரியாகிறது. கெட்டியாகிவிட்டால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுப் பொடியைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுரண்ட வேண்டியதுதான். அந்தச் செலவைத் தள்ளிப்போடத்தான் இந்த டப்பா. வாயு உள்ளே நுழைந்து தடுப்புகளிலும் வலையிலும் மோதிக் குளிரும்போது ஆயில் துளிகள் அடியில் தங்கும், மிச்ச வாயு இன்டேக்குக்குப் போய்விடும்.

எங்கள் ரோட்டில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் சுவாரசியம். போடியிலிருந்து மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஏறும்போது டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் மேனிஃபோல்டுப் பக்கத்து பிசிவி வால்வு மூடிக்கொள்ளும். ப்ளோ-பை அதிகமாக இருக்கும் அந்த நேரத்தில் வாயு டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய் வழியாகப் போகிறது. இறங்கும்போது கதை தலைகீழ். இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால் மேனிஃபோல்டில் வெற்றிடம் உச்சத்துக்குப் போய், ஆயில் ஆவி அந்தப் பக்கம் இழுபடும். மாட்டுவதற்கு முன்பே போடி மெக்கானிக் சொல்லிவிட்டார்: "ஒரு லைன்ல மட்டும் போட்டா ஏத்தத்துல இது சும்மாதாண்ணே உக்காந்திருக்கும். ரெண்டு லைனும் வரணும், செக் வால்வும் வேணும்." ரெண்டு லைன் என்றது மேனிஃபோல்டுப் பக்கக் குழாயையும் டர்போப் பக்கக் குழாயையும்; செக் வால்வு வாயுவை ஒரு பக்கம் மட்டும் விடும். மலையில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

சரி, என்னதான் சேர்ந்தது? ஜூன், ஜூலையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 80 மில்லி. திறந்து பார்த்தால் பால் கூடிய காபி மாதிரி ஒரு குழம்பு. பயந்துவிட வேண்டாம், பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். மூடுபனியில் தோட்டத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் காரில் ஆயில் முழுச்சூடு ஏறுவதே இல்லை, அதனால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆயில் மூடியின் அடியிலும் இதே வெள்ளை பூசியிருக்கும். கூலன்ட் அளவு குறையாமல் இருந்தால், ஹெட் கேஸ்கெட் போய்க் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதோ என்று சந்தேகிக்கத் தேவையில்லை. மார்ச், ஏப்ரலில் அளவு மூன்றில் ஒரு பங்காகிவிடும், நிறமும் கறுப்பு ஆயில்தான்.

வாங்குவதென்றால் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஆன்லைனில் வரும் மலிவு டப்பாக்கள் பலவற்றில் தடுப்பு எதுவுமே இருக்காது, பளபளப்பான வெறும் டப்பா. ஹோஸ் ஆயில் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் சில மாதத்தில் ஊதித் தொளதொளவென்று ஆகி, வெற்றிடத்தில் சப்பிக்கொள்ளும். டர்போ சூட்டுக்கு அருகில் மாட்டினால் ஆவி குளிராமல் தப்பிவிடும். இணைப்பில் காற்றுக் கசிந்தால் ஐடிலிங் ஏறி இறங்கும், செக் இன்ஜின் விளக்கும் எரியும். டப்பாவில் சின்ன ஃபில்டர் வைத்துக் காற்றில் திறந்துவிடும் வகை வேண்டவே வேண்டாம். அது மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு விரோதம், கேபினுக்குள்ளும் நாற்றம் வரும். வாரன்டி உள்ள காரில் மாட்டினால் சர்வீஸ் சென்டரில் வாக்குவாதத்துக்குத் தயாராக இருங்கள்.

வால்வு சுத்தமாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். போரஸ்கோப் எனும் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தோம். கரி இருக்கிறது, மெல்லிய படலமாக. வால்வு சீல் வழியாக இறங்கும் ஆயிலை எந்த டப்பாவும் பிடிக்காது, அதனால் முழுச் சுத்தத்தை நான் எதிர்பார்க்கவும் இல்லை. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து வடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. நிரம்பிய டப்பா தேங்கியதையெல்லாம் ஒரே மடக்கில் இன்டேக்குக்குள் தள்ளிவிடும். வடித்ததைத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள், தோட்டத்து ஓடையிலும் கொட்டாதீர்கள். நான் கேனில் சேர்த்துவைத்து ஒர்க்ஷாப் கழிவு ஆயில் பேரலில் ஊற்றிவிடுகிறேன்.

ராஜாக்காட்டில் இருக்கும் மச்சானுக்கும் இப்போது ஒன்று மாட்ட ஆசை. அவருடையது டர்போ இல்லாத பழைய போர்ட் இன்ஜெக்ஷன் கார், ஆயில் வேறு குடிக்கிறது. "மாப்ள, கேன் இருக்கட்டும், முதல்ல அந்த பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்க, சத்தம் வருதான்னு" என்றேன். வரவில்லையாம், அடைத்துக் கிடக்கிறது. புது வால்வு சொல்லியிருக்கிறார்.