பாட்டிலா, சிரிஞ்சா, ட்யூபா? பால் குடிக்காத நாய்க்குட்டிக்கு எது சரி

பிறந்த குட்டி தாயிடம் பால் குடிக்கவில்லை என்றால் நம் ஊரில் முதலில் ஓடுவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். ஓடுவதற்கு முன் குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். முதல் வாரத்தில் அதன் உடல்சூடு 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 34-க்குக் கீழே இறங்கிவிட்டால் குடல் வேலை செய்யாது, ஊட்டிய பால் உள்ளேயே கெட்டுப்போகும். சென்னையில் குளிரா என்று சிரிக்காதீர்கள். ஏசி ஓடும் அறையின் டைல்ஸ் தரையும் ஐப்பசி மழையில் நனைந்த பிளாட்பாரமும் போதும். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் வித்தை பச்சைக் குட்டிக்கு வராது. வெந்நீர் பாட்டிலில் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்து, நிதானமாகச் சூடேறிய பிறகுதான் பால்.

அடுத்து, கையைக் கழுவிவிட்டுச் சுண்டுவிரல் நுனியை அதன் வாயில் வையுங்கள். இழுத்துச் சப்புகிறதா இல்லையா? எதில் ஊட்டுவது என்பதை முடிவு செய்வது இதுதான், கடைக்காரர் அல்ல.

சப்புகிற குட்டி, தாயும் பக்கத்தில் இருக்கிறது என்றால் எதையும் வாங்க வேண்டாம். கொழுத்த குட்டிகளைச் சற்று நேரம் விலக்கிவிட்டு, பின்னங்கால் பக்கத்துக் காம்பில் ஒரு சொட்டுப் பிழிந்து, நோஞ்சானை அங்கே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சீம்பாலில் வரும் நோய் எதிர்ப்புச் சக்தியை எந்தப் பவுடரும் தராது. மடி சூடாக, கல்லாக, சிவந்து இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

தாய் இல்லாத, ஆனால் சப்பத் தெரிந்த குட்டிக்கு என் ஓட்டு பாட்டிலுக்கே. எவ்வளவு வேகமாகக் குடிப்பது என்பது குட்டியின் கையில் இருக்கிறது. கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாகக் கொட்டினால் அந்த நிப்பிளைத் தூக்கிப் போடுங்கள். பாட்டிலை அமுக்கவே கூடாது.

சிரிஞ்ச் மலிவு, அளவும் துல்லியம். ஆனால் வேகம் நம் கட்டைவிரலுக்குப் போய்விடுகிறது. பிஸ்டன் சற்று இறுகி நிற்கும், அழுத்தியதும் சரக்கென்று வழுக்கும், அரை மில்லி ஒரேயடியாகத் தொண்டைக்குள் போகும். மூக்கில் பால் குமிழ் வந்தால் உடனே நிறுத்துங்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியாதான். இங்க் ஃபில்லருக்கும் இதே கதை. சங்கும் பாலாடையும் வேண்டவே வேண்டாம். மடியில் மல்லாத்திப் புகட்டுவது மனிதக் குழந்தைக்கு. நாய்க்குட்டி குப்புறப் படுத்து, தலையை லேசாகத் தூக்கித்தான் குடிக்கும்.

சப்பவே தெம்பில்லாத குட்டிக்கு, வாய் வழியாக வயிறு வரை மெல்லிய குழாய் விட்டுப் பால் ஊட்டும் ட்யூப்தான் வழி. எட்டுக் குட்டி இருந்தாலும் நடுராத்திரியில் சீக்கிரம் வேலை முடியும். ஆபத்தும் இதில்தான் அதிகம்: குழாய் மூச்சுக்குழலுக்குள் போனாலும் சோர்ந்த குட்டி இருமாமல் கிடக்கும். வீடியோ பார்த்துப் பழகுகிற காரியமல்ல. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்து டாக்டரிடமோ ஒருமுறை கூடவே இருந்து செய்து காட்டச் சொல்லுங்கள்.

எந்தப் பால் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை: நாய்க்குட்டிக்கான பால் பவுடர். விலை உறைக்கும், ஆனாலும் அதுதான். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, பால் சர்க்கரை குறைவு. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. ஆரஞ்சுக்கு மாறினாலும் புரதம் ஏறாது, சர்க்கரையும் குறையாது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். குழந்தைகளுக்கான டின் பவுடரும் உதவாது. ஆட்டுப்பால் ஒரு ராத்திரியைச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

வயிறு சின்னது. நூறு கிராம் எடைக்கு 4 மில்லி என்று வைத்தால் கால் கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 10 மில்லிக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிப்பக்கம் துடைத்துவிடுங்கள், தாய் நக்கிவிடாமல் அதற்குச் சிறுநீர் வராது. தினமும் ஒரே நேரத்தில் சமையல் தராசில் நிறுத்து எழுதுங்கள். பத்து நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் எடை ஏறவில்லை என்றாலே அன்றே டாக்டரிடம் கிளம்புங்கள்.